பழுக்காத இரண்டு காய்கள்

இந்தக் கதையைப் பல வருடங்களாக நான் நம்பவில்லை. முழுதாகத் தள்ளவும் முடியவில்லை. சந்தையில் தக்காளி தரம் பிரிக்கும் சடையாண்டி அண்ணன் சொன்னது இது.

மரம் பேசினால் மனிதன் நின்று கேட்ட காலம். ஒரு நாட்டில் ஒரு மந்திரவாதி இருந்தான். அவனுக்கு ஈறில் ரத்தம் கசியும் நோய். தக்காளி சாப்பிட்டால் தீரும் என்றார் வைத்தியர். உடனே சமையல்காரன் தவசியைப் பிடித்து வரச் சொன்னான்.

“இப்பவே ரசம் வை.”

“எல்லாம் காயா இருக்கே சாமி. பழுக்கட்டும், பொறுங்க.”

“என்னைப் பொறுக்கச் சொன்ன எவனையும் நான் மனுஷனா விட்டதில்லை. நீயும் காயாக் கிட.”

கோலை ஆட்டினான். தவசி தக்காளிக் காயாகிக் கூடைக்குள் உருண்டான்.

அவன் மனைவி பூவாயி ஓடி வந்தாள். கூடை நிறையக் காய். எல்லாம் பச்சை, எல்லாம் உருண்டை.

“மூணு தடவை எடுத்துக் காட்டலாம். சரியா எடுத்தா மனுஷனாவான். தப்பினா உன் புருஷன் குழம்புக்கு,” என்றான் மந்திரவாதி.

“ஏங்க, எதுங்க நீங்க?” என்று கூடையைக் கேட்டாள். பெரிய காயாக எடுத்தாள். மந்திரவாதி அறுத்துக் காட்டினான், உள்ளே விதைதான்.

“ஏங்க, எதுங்க நீங்க?” தவசிக்குக் கன்னத்தில் மச்சம். புள்ளி விழுந்த காயை எடுத்தாள். அதிலும் விதைதான்.

கடைசியில் பூவாயி கூடையில் வைக்கோலைப் பரப்பி, நடுவே பழுத்த வாழைப்பழத்தை வைத்து மூடினாள். பழத்தின் மூச்சுப் பட்டால் காய் பழுக்கும். மனுஷன் பழுப்பாரா?

சில நாள் கழித்துத் திறந்தாள். எல்லாம் சிவந்திருந்தன. பச்சையாக இரண்டு மிச்சம். அவற்றைத் தட்டில் எடுத்து வைத்தாள்.

இரண்டில் எது? இல்லை, அவரும் சிவந்துவிட்டாரோ?

“எனக்குப் பழம் போதும். ரசம் வை,” என்றான் மந்திரவாதி.

கட்டிக்கொண்ட நாள் முதல் ஒரு பேச்சுக்கும் அசையாத மனுஷன், ஒரு வாழைப்பழத்துக்கா அசைவார்? அப்படித் தேற்றிக்கொண்டுதான் பழங்களைக் கையால் பிசைந்தாள். மிளகு, சீரகம், பூண்டு தட்டிப் போட்டாள். கண் மட்டும் தட்டில் இருந்த இரண்டு காய்கள் மேலேயே.

நுரை கட்டியதும் இறக்க வேண்டும் என்பது தவசி தினமும் சொல்வது. அவள் மறந்தாள். ரசம் தளதளவென்று கொதித்தது.

தட்டிலிருந்து ஒரு காய் குதித்தது. அடுப்பை நோக்கி உருண்டது.

“ஏங்க, நீங்கதானா?” என்று அள்ளினாள்.

தவசி எழுந்து நின்றான். “முதல்ல ரசத்தை இறக்கு,” என்றான்.

பிறகு மிச்சமிருந்த காயை அமுக்கிப் பார்த்தான். “முத்தாமப் பறிச்சது. இது பழுக்காது. துவையலுக்கு ஆகும்,” என்று பச்சை மிளகாயோடு வதக்கி அரைத்தான். மந்திரவாதி சோற்றில் பிசைந்து ருசித்துச் சாப்பிட்டான்.

தினமும் தக்காளி. ஈறு ஆறியது. கோபமும் ஆறியது. ஒருநாள் கோலை அவனே அடுப்பில் போட்டு எரித்தான்.

“அவன் சபிச்சவங்க எல்லாரும் அன்னைக்கே மனுஷங்களாகி வீடு வந்து சேர்ந்தாங்க. நல்லவங்க நல்லா இருந்தாங்க,” என்று முடிப்பார் சடையாண்டி அண்ணன்.

போன வாரமும் அப்படித்தான் முடித்தார். முடித்துவிட்டு, பழுக்காத காய் ஒன்றை எடுத்துத் தனியே வைத்தார். அதையே பார்த்துக்கொண்டிருந்த நான் கடைசியில் கேட்டுவிட்டேன்.

“எல்லாருமா அண்ணே? துவையலுக்குப் போன அந்தக் காய்?”