ஒரு பெட்டி, ரெண்டு டிஸ்க்

மாசிலாமணிக்கு நாற்பத்தாறு வயது. திருப்பூரில் ஒரேயொரு எம்பிராய்டரி மெஷினை வைத்துப் பிழைக்கிறவர். அவருக்குக் கம்ப்யூட்டர் கற்றுக்கொடுத்த ரிஸ்வானாவுக்கு இருபத்திரண்டு. பழைய கம்ப்யூட்டர்களைப் பழுது பார்க்கிறவள். குரு சின்னவள், சீடர் பெரியவர். ரெண்டு பேருக்குமே அதில் கூச்சமில்லை.

மெஷினுக்கு டிசைன் அனுப்புகிற புரோகிராம் பழைய விண்டோஸில் மட்டும்தான் ஓடும். அந்தப் புரோகிராமின் சிடி உடைந்து வருஷக்கணக்காச்சு. கம்ப்யூட்டருக்குள் அது இருக்கிற ஹார்ட் டிஸ்க் போனால் மெஷின் வெறும் இரும்பு. ஆனால் ஆர்டர் வருகிற மெயில் அந்த விண்டோஸில் திறப்பதே இல்லை. அதனால் அதே பெட்டிக்குள் இன்னொரு டிஸ்க் மாட்டி, விண்டோஸ் மாதிரியே இன்னொரு சிஸ்டமான லினக்ஸைத் தானே ஏற்றிவிட்டார். திங்கட்கிழமைக்குள் ஒரு பள்ளிக்கூடத்துக்கு முந்நூறு சட்டையில் பெயர் தைத்தாக வேண்டும்.

சனிக்கிழமை காலை ரிஸ்வானாவை வரச்சொல்லிக் காட்டினார். சுவிட்சைப் போட்டதும் எது வேண்டும் என்று திரையில் ஒரு பட்டியல் வந்தது.

"எப்படிங்க அம்மணி? ரெண்டும் தனித்தனி டிஸ்க். ஒண்ணு படுத்தாலும் இன்னொண்ணு நிக்குமல்லோ?"

அவள் கம்ப்யூட்டரை அணைத்து, பழைய டிஸ்கின் வயரைக் கழற்றினாள்.

"போடுங்ணா."

லினக்ஸ் வரவில்லை. கறுப்புத் திரை.

பழசின் வயரை மாட்டிவிட்டுப் புதுசின் வயரைக் கழற்றினாள்.

"இப்பப் போடுங்க."

விண்டோஸும் வரவில்லை.

மாசிலாமணி பழைய டிஸ்கைத் தொட்டுக் காட்டினார். "நேத்து வரைக்கும் தனியா ஓடுனதுங்க இது."

"லினக்ஸ் ஏத்தறப்ப பழசைக் கழட்டி வெச்சீங்களா?"

"அது பாட்டுக்கு ஒரு ஓரமாக் கெடக்குது, என்ன பண்ணிரப்போகுதுன்னு விட்டுட்டேன்."

"அந்தப் பட்டியல்ல பாதி பழசுல உக்காந்திருக்குது, மீதி புதுசுல. அதான் எதைக் கழட்டுனாலும் ரெண்டுமே எந்திரிக்கறதில்ல."

"இருந்துட்டுப் போகுது. ரெண்டும் மாட்டுனா ஓடுதில்ல? எனக்குத் திங்கக்கெழமை வேலை கெடக்குது."

"ஓடும். ஒண்ணு சாகற வரைக்கும்."

அவர் ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார்.

"சொல்லுங்க. மொதல்ல இருந்து செய்யறேன்."

"நான் சொல்ல மாட்டேன். எங்க தப்புன்னுதான் தெரிஞ்சுதே."

புது டிஸ்கைக் கழற்றி வைத்தார். விண்டோஸ் சிடியைப் போட்டு, பழசு தானே எழுந்திருக்கிற மாதிரி சரி செய்யப் பார்த்தார். ரெண்டு தடவை வரவில்லை. வீட்டிலிருந்து வந்த சோறு ஆறிப்போனது. அவள் தன் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மூன்றாம் தடவை விண்டோஸ் வந்தது. பழசைக் கழற்றிவிட்டுப் புதுசை மட்டும் மாட்டி, எல்லாவற்றையும் அழித்து, லினக்ஸை மறுபடி ஏற்றினார். அதுவும் தனியாக வந்தது. அப்புறம்தான் ரெண்டையும் மாட்டினார்.

இப்போது பட்டியல் இல்லை. சுவிட்சைப் போட்ட கையோடு கீபோர்டில் ஒரு பட்டனைத் தட்டி, எந்த டிஸ்க் என்று அவரேதான் சொல்லணும். பழசைச் சொன்னார். மெஷின் முதல் சட்டையைத் தைக்க ஆரம்பித்தது.

ஆனாலும் மனசு ஆறவில்லை. "முன்னாடி அதுவாக் கேட்டுச்சு. இனி தினமும் நானே தட்டிச் சொல்லிட்டு இருக்கோணும். ரோதனைதானுங்களே அம்மணி?"

ரிஸ்வானா பையை எடுத்துத் தோளில் மாட்டினாள்.

"எதுன்னு சொல்றது உங்க ரோதனைங்ணா. அதை டிஸ்க் தலையில கட்டுனீங்க, ரெண்டும் சேர்ந்து படுத்துச்சு."