நாறும் சீஸும் பாதி திறந்த கதவும்

அந்தக் காலத்தில் மாடுகள் பேசின. மலைமேல் மூடுபனி ஆள் உருவத்தில் நடமாடியது. அப்போது சீஸுக்கு வாசனையே கிடையாது. பனிமலையில் மாடு மேய்த்த வெரேனாவின் நிலவறையில் சீஸ் வட்டுகள் வெள்ளையாக அடுக்கப்பட்டிருந்தன.

ஒரு நாள் அவள் கணவன் ஊர்ஸ், காணாமல் போன கன்றைத் தேடி மூடுபனிக்குள் போனான். சாயங்காலம் திரும்பி வந்து மேசையருகே உட்கார்ந்தான். பனியில் நடந்தவனின் பூட்ஸ் காய்ந்திருந்தது. பால் குடித்தான், கிண்ணத்தில் பால் குறையவில்லை.

வெரேனா கறக்கப் போனபோது கிழப்பசு புளூமி மெல்லச் சொன்னது: "உள்ள இருக்கிறது உன் ஆள் இல்ல. மூடுபனி. தொட விடாதே, தொட்டா நீயும் பனிதான்."

அவள் கை நின்றது. "அப்ப அவர்?"

"வெளியேதான் சுத்திக்கிட்டு இருக்கான். நீ கூப்பிட்டா பனி உன் குரல்லயே பத்துத் திசையில கூப்பிடும். விளக்கு வச்சா பத்து விளக்கு வைக்கும். வாசனை மட்டும் அதுக்குச் செய்யத் தெரியாது."

வெரேனா ஓடிப்போய், கன்றைத் தேடிப் போகும் முன் ஊர்ஸ் அடுப்போரம் கழற்றிப் போட்டிருந்த கம்பளிக் காலுறைகளை எடுத்துவந்தாள். புளூமி முகத்தைத் திருப்பிக்கொண்டது.

"அப்பப்பா! ஆனா இந்த நாத்தம் வாசலைத் தாண்டாது. சீஸ்ல ஏத்தி வளர்க்கணும்."

சீஸ் நனைந்தால் கெட்டுவிடும் என்று யாரும் அதில் தண்ணீர் பட விட்டதில்லை. வெரேனா காலுறைகளை உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டு, தினமும் காலையில் அந்தத் தண்ணீரால் ஒரு சீஸைத் தேய்த்துக் கழுவினாள்.

"கீழே என்ன பண்றே?" என்று ஊர்ஸின் குரல் கேட்டது.

"சீஸ் கழுவுறேன்."

தினமும் அதே கேள்வி. தினமும் அது முந்தைய நாளைவிட ஒரு படி கீழே இறங்கி நின்று கேட்டது. நிலவறைக்கு ஏழே படிகள். மூன்றாம் நாள் சீஸ் பிசுபிசுத்தது. ஆறாம் நாள் செம்மஞ்சளாகி மணக்கத் தொடங்கியது. ஏழாம் நாள் மூடுபனி கடைசிப் படியில் நின்றது.

வெரேனா அதன்மேல் உரசாமல், சுவரோடு ஒட்டி சீஸுடன் மேலே ஏறினாள். வாசல் கதவைப் பாதி திறந்து, அதன் அருகே சீஸை வைத்தாள்.

"கதவை மூடு," என்றது பின்னாலேயே ஏறி வந்த மூடுபனி.

"இருங்க. இன்னும் ஜில்லுன்னு இருக்கு. இளகட்டும்."

சீஸ் மெல்ல இளகியது. வாசனை சரிவெங்கும் இறங்கியது. மூடுபனி நெருங்கி வந்து, அவளைத் தொடக் கை நீட்டியது. வெரேனா சீஸில் ஒரு துண்டை வெட்டி அந்த உள்ளங்கையில் போட்டாள்.

கை கரைந்தது. பிறகு தோள். கடைசியாக ஊர்ஸின் முகம். தரையில் ஈரம் மட்டும் இருந்தது.

வெளியே யாரோ இருமினார்கள். "வெரேனா! நம்ம வீட்ல என்ன செத்துக் கிடக்கு? ஏழு நாளா வழி தெரியல, இந்த நாத்தத்தைப் பிடிச்சுக்கிட்டே வந்தேன்."

அவள் அழுதுகொண்டே சிரித்தாள். ஆனால் வழிவிடவில்லை. "முதல்ல இதைத் தின்னுங்க."

ஊர்ஸ் மூக்கைப் பிடித்துக்கொண்டு தின்றான். பிறகு மூக்கை விட்டுவிட்டு இன்னொரு துண்டு கேட்டான்.

அன்று முதல்தான் அந்த மலையில் சீஸை உப்புத் தண்ணீரால் கழுவி வளர்க்கிறார்கள். தின்னும் முன் கதவைப் பாதி திறந்து இளக விடுகிறார்கள். மூக்கைச் சுளிக்கும் விருந்தாளியைக் கேலி செய்து இன்னொரு துண்டு வைப்பார்கள். "எனக்கு ஒரு வாசனையும் வரலையே" என்பவரின் பூட்ஸ் ஈரமா என்றுதான் குனிந்து பார்ப்பார்கள்.