மௌனசாமி சிறகை விரித்த காலை

மலையடிவாரத்து ஓடை ஒன்றில் மௌனசாமி என்ற மடையான் வாழ்ந்து வந்தது. மடையான் என்பது கொக்குக்குச் சின்ன உறவு. நின்றால் காய்ந்த கோரையின் நிறம். சிறகை விரித்தால்தான் உள்ளே இருக்கும் வெள்ளை தெரியும். அது கோரைக்குள் நின்றுவிட்டால் கோரைக்கே தெரியாது. அப்படி நின்றேதான் தினமும் தவளைகளைப் பிடித்துத் தின்றது.

அந்த வருடம் கோடை முந்திக்கொண்டது. ஓடை வற்றி ஒரு குட்டையாகச் சுருங்கியது. அதில் பச்சையம்மா என்ற தவளையின் பிள்ளைகள் இருந்தன. நேற்றுவரை தலைப்பிரட்டைகள். இப்போதுதான் கால் முளைத்து வால் மறைந்திருந்தது. குட்டை காய்வதற்குள் மணலைக் கடந்து அக்கரை நெல்வயலுக்குப் போய்ச் சேர வேண்டும்.

"போயிடலாமா அம்மா?" என்றன பிள்ளைகள்.

"மணலோரக் கோரையில அந்த மடையான் நிக்கிறான். எங்க நிக்கிறான்னுதான் தெரியல" என்றது பச்சையம்மா.

ஓடைக்கரை வழியே தினமும் காலையில் இரண்டு பேர் நடந்து போவார்கள். ஒருவர் ரெஜினா டீச்சர். கழுத்தில் பைனாகுலர் தொங்கும். இன்னொருவர் அவருடைய பக்கத்து வீட்டு சிவகாமி. எந்தப் பறவையைக் கண்டாலும் இருவரும் நின்று கைகாட்டுவார்கள். "அதோ, மீன்கொத்தி!" என்று அன்றும் குரல் கேட்டது.

பச்சையம்மாவுக்கு ஒரு யோசனை வந்தது. கல்லிடுக்கில் பத்திரமாக உட்கார்ந்துகொண்டு குரல் கொடுத்தது.

"மௌனசாமி அண்ணே! எங்க இருக்கீங்கன்னு தெரியல. துக்கம் விசாரிக்க வந்தேன்."

"யார் செத்தது?" என்றது கோரை.

"யாரும் சாகல. உங்களுக்கு நடக்குற அநியாயத்தைப் பார்த்துத்தான் மனசு கேக்கல. இந்த ரெண்டு பேரும் தினமும் வர்றாங்க. மீன்கொத்தியைப் பாக்குறாங்க. வாலாட்டிக் குருவியைக்கூடப் பாக்குறாங்க. உங்களை ஒரு தடவையாவது பாத்திருக்காங்களா?"

அன்றிரவு மௌனசாமிக்குத் தூக்கம் வரவில்லை.

விடிந்ததும் மீன்கொத்தியிடம் போய்க் கேட்டது. "உன்னைப் பாத்து எல்லாரும் கைகாட்டுறாங்களே, எப்படி இருக்கும்?"

"எரிச்சலா இருக்கும்" என்றது மீன்கொத்தி. "அவங்க போடுற சத்தத்துல கெண்டையெல்லாம் ஓடிடுது. உன் நிறம் எனக்கு இருந்தா நான் இந்நேரம் தொந்தியோட இருப்பேன்."

'பொறாமைக்காரன்' என்று மௌனசாமி நினைத்துக்கொண்டது.

அன்று காலை அது கோரையை விட்டு வெளியே வந்து, மணல் நடுவில் இருந்த பாறையில் ஏறி நின்றது. டீச்சரும் சிவகாமியும் வந்தார்கள்.

"டீச்சர், பாறை மேல என்னமோ இருக்கே?"

டீச்சர் பைனாகுலரைத் தூக்கிப் பார்த்தார். "காஞ்ச பனைமட்டை. வாங்க போகலாம்."

மௌனசாமிக்கு அழுகை வந்தது. பச்சையம்மா கல்லிடுக்கிலிருந்து, "ச்சே, மட்டையாம்!" என்று உச்சுக்கொட்டியது. "அண்ணே, உங்க சிறகுக்குள்ள அவ்வளவு வெள்ளையை ஒளிச்சு வெச்சிருக்கீங்களே, அதை யாருக்காக? நாளைக்கு ரெண்டையும் அகலமா விரிச்சு நில்லுங்க. அவங்க போற வரைக்கும் மடக்கிடாதீங்க. மடக்கினா மறுபடியும் மட்டைதான்."

மறுநாள் குட்டையில் தண்ணீர் பச்சையம்மாவின் முழங்கால் அளவுக்குத்தான் இருந்தது. மௌனசாமி பாறையில் ஏறியது. நடப்பவர்களின் பேச்சுக்குரல் தூரத்தில் கேட்டதும் இரண்டு சிறகையும் விரித்தது. வெயில் பட்டு அது வண்ணான் துறை வேட்டிபோலப் பளபளத்தது.

"அவன் எங்க நிக்கிறான்னு இப்பத் தெரியுதா?" என்றது பச்சையம்மா.

"தெரியுது அம்மா!"

"அப்ப ஓடுங்க."

குட்டித் தவளைகள் வரிசையாக மணலில் தாவின. பாறையின் வலப்பக்கம் கொஞ்சம், இடப்பக்கம் கொஞ்சம். கொழுத்த குட்டி ஒன்று வழி தவறிப் பாறைமேலேயே ஏறி, மௌனசாமியின் கால்களுக்கு நடுவே உட்கார்ந்து மூச்சு வாங்கியது.

மௌனசாமியின் வயிறு முனகியது. முந்தின நாளும் அது எதுவும் தின்றிருக்கவில்லை. ஒரு கொத்துதான். ஆனால் கொத்த வேண்டுமானால் குனிய வேண்டும். குனிந்தால் சிறகு மடங்கும். மடங்கினால் பனைமட்டை. டீச்சரோ பைனாகுலரைத் தூக்கிவிட்டார்.

மௌனசாமி கழுத்தை நிமிர்த்தியே வைத்திருந்தது. குட்டி மூச்சு வாங்கி முடித்து, "வர்றேன் மாமா" என்று சொல்லிவிட்டுத் தாவியது.

"அதோ! எவ்வளவு அழகு!" என்றார் டீச்சர்.

மௌனசாமியின் நெஞ்சு விம்மியது.

"என்ன பறவை டீச்சர்?"

"வெள்ளைக் கொக்கு."

"நான் மடையான்!" என்று மௌனசாமி கத்தியது. கரையில் நின்றவர்களுக்கு அது 'கர்ர்' என்றுதான் கேட்டது.

"தொண்டை கட்டியிருக்கும்போல, பாவம்" என்றார் சிவகாமி.

டீச்சர் பைனாகுலரை இறக்கிவிட்டு நடக்கத் தொடங்கினார். "இத்தனை வருஷமா இந்த வழியா நடக்குறோம். இந்த ஓடையில மடையான் மட்டும் ஒண்ணுகூடக் கண்ணுல பட மாட்டேங்குது, பாருங்க."

மௌனசாமி சிறகை மடக்கிக்கொண்டு குட்டைக்கு ஓடியது. அங்கே சேறுதான் மிச்சம் இருந்தது. நெல்வயல் பக்கமிருந்து குட்டித் தவளைகளின் சத்தம் கேட்டது. அவற்றுக்கு நடுவே பச்சையம்மாவின் குரலும் வந்தது.

"அவங்க பாத்தாங்களோ என்னமோ அண்ணே, நாங்க உங்களை நல்லாப் பாத்துக்கிட்டோம்."

தனக்குச் சோறு போடும் குணத்தைப் புகழுக்காகக் கழற்றி வைத்தவனுக்கு வயிறும் நிறையாது, பெயரும் சரியாக வந்து சேராது.