ஒட்டுப்பந்தும் வெளிக்காற்றும்

ஒரு கடலோர ஊரில் ஒரு புல் மைதானம் இருந்தது. அங்கே ஆறு சங்கங்களின் ஆறு கால்பந்துகள் வருடா வருடம் துள்ளல் போட்டி நடத்தும். அதிக உயரம் துள்ளும் பந்துக்குக் கோப்பை. கடைசியாக வரும் பந்துக்குக் கீழ் மைதானம். கீழ் மைதானம் என்பது உப்பளத்தை ஒட்டிய கட்டாந்தரை. வேலிக்காத்தான் முள் உதிர்ந்து கிடக்கும். அங்கே போன பந்துகளில் பல, காற்றுப் போய்த் தோலாகக் கிடந்தே முடிந்தன.

பந்துக்குக் காற்றுதான் சோறு. துள்ளலைப் பார்க்க வருகிறவர்கள், தங்களுக்குப் பிடித்த பந்துக்கு ஆளுக்கு ஒரு அடி பம்பு அடித்துவிட்டுப் போவார்கள். அதுதான் பந்தின் வருமானம். அதைத் தவிர வெளிக்காற்று ஏற்றக் கூடாது. இது மைதானத்துச் சட்டம். மீறுகிறவர்களைத் தண்டிப்பது விசிலின் வேலை.

ஆறு பந்துகளில் சிறியது ஒட்டுப்பந்து. அது வலை இழுக்கிறவர்களின் சங்கத்துப் பந்து. உடம்பில் நாலைந்து இடத்தில் ஒட்டு. அதைப் பார்க்க வருகிறவர்கள் கொஞ்சம் பேர்தான். ஆனால் மழையிலும் வருவார்கள்.

ஒரு வருடம் போட்டி நடுவில் ஒட்டுப்பந்துக்கு எங்கோ ஓட்டை விழுந்துவிட்டது. எங்கே என்று தெரியவில்லை. ஓட்டையைக் கண்டுபிடிக்க ஒரே வழிதான் உண்டு. காற்றை நிரப்பி, வாளித் தண்ணீரில் அமுக்கி, எங்கே குமிழி வருகிறது என்று பார்க்க வேண்டும். நிரப்பக் கையில் காற்று இல்லை. சைக்கிள் கடையில் கொஞ்சம் கடனாக ஏற்றிக்கொண்டது. வாளியில் அமுக்கியதும் தையல் ஓரத்தில் குளுகுளுவென்று குமிழி வந்தது. ஒட்டுப் போட்டாயிற்று. கடன் வாங்கிய காற்று அத்தனையும் வாளித் தண்ணீரிலேயே போயிற்று.

போட்டி முடியும்போது ஒவ்வொரு பந்தும் விசில் முன்னால் போய், எவ்வளவு காற்று எங்கிருந்து வந்தது என்று சொல்ல வேண்டும். ஒட்டுப்பந்து எல்லாவற்றையும் சொல்லிற்று. சைக்கிள் கடையையும் சேர்த்துச் சொல்லிற்று.

வெளியே வந்ததும் கோல் வலை அதைப் பிடித்துக்கொண்டது.

“உன்னை யாருடா சைக்கிள் கடையைப் பத்திக் கேட்டது?”

“சட்டம் சொல்லச் சொல்லுதே, அக்கா.”

“சட்டம் சொல்லும். உனக்கு முன்னாடி போனவன் சொன்னானா? வாசல்ல நின்னு கேட்டேன். கடற்காத்து அடிச்சுதாம், இவன் தூங்கினானாம், தானா உள்ளே புகுந்துடுச்சாம்.”

அன்று மாலையே தீர்ப்பு வந்தது. அந்தக் காற்றில் நான் ஒரு துள்ளல்கூடத் துள்ளவில்லை, எல்லாம் குமிழியாகப் போய்விட்டது என்று ஒட்டுப்பந்து கெஞ்சிப் பார்த்தது. சைக்கிள் கடைக்காரரைச் சாட்சிக்குக் கூப்பிடட்டுமா என்றும் கேட்டது.

“உள்ளே போன காத்து போன காத்துதான்,” என்றது விசில். “எப்படி வெளியே போச்சுன்னு சட்டம் கேக்கல. நீ போகலாம்.”

ஒட்டுப்பந்தின் துள்ளல் கணக்கில் ஒரு பங்கை வெட்டினார்கள். கடைசிக்கு முந்தின இடத்திலிருந்த அது கடைசிக்கு வந்தது. விசில் நீளமாக ஊதிற்று. ஒட்டுப்பந்து உப்பளத்துப் பக்கம் உருண்டு போனது.

அதே போட்டியில் பொன்வரிப்பந்து என்று ஒன்று இருந்தது. அதுவும் ஒரு காலத்தில் சொங்கிப் பந்துதான். டயர்க்கடை முதலாளி ஒருவர் அதன் சங்கத்தை வாங்கினார். மறுநாளிலிருந்து அது வீங்கத் தொடங்கிற்று. அதைப் பார்க்க வந்தவர்கள் அடித்த காற்று அதன் தொப்புளுக்குக் காணாது. ஆனாலும் பனை உயரம் துள்ளிற்று. கோப்பை மேல் கோப்பை வாங்கிற்று.

ஊர் முணுமுணுத்ததில், அதன் மேல் ஒரு கூடை நிறையக் குற்றச்சாட்டு வந்து விழுந்தது. விசில் மரியாதையாகக் கூப்பிட்டனுப்பிற்று. பொன்வரி தனியாக வரவில்லை. எட்டுக் கறுப்புக் குடைகளைக் கூலிக்கு அமர்த்திக்கொண்டு வந்தது. வெயிலும் இல்லை, மழையும் இல்லை. குடைகள் விரிந்தே நின்றன.

“டயர்க்கடை மெஷின் காத்து உங்க வயித்துக்குள்ள எப்படி வந்துதுங்க?” என்று விசில் கேட்டது.

பெரிய குடை பதில் சொல்லிற்று. “எங்க கட்சிக்காரர் வயித்துல டயர்க்கடை பேரை எழுதியிருக்கார். அந்த விளம்பரத்துக்குக் கூலியா வந்த காத்து. அது வருமானம்.”

“கடை அவரோட முதலாளி கடையாச்சே?”

“யார் சொன்னது? கடை முதலாளியோட மச்சான் பேர்ல இருக்கு. வேணும்னா மச்சானைக் கேட்டுப் பாருங்க.”

மச்சான் வெளியூர் போயிருந்தார். விசாரணை தள்ளிப்போயிற்று. அடுத்த தவணையில் ஒரு குடைக்குக் கம்பி வளைந்துவிட்டது. அதற்கடுத்த தவணையில் பொன்வரியை வாளியில் அமுக்கிப் பார்க்கலாம் என்றார்கள். வாளி சிறியது, தன் கட்சிக்காரரின் உடம்புக்கு இது அவமானம் என்றது பெரிய குடை. பெரிய அண்டா செய்யச் சொல்லி ஆள் அனுப்பினார்கள். அண்டா வந்தபோது பொன்வரி அண்டாவையும் விடப் பெரிதாகியிருந்தது. இதற்கு நடுவில் அது இன்னும் இரண்டு கோப்பை வாங்கிற்று. இரண்டு முறையும் விசில்தான் ஊதிக் கொடுத்தது.

கீழ் மைதானத்தில் ஒட்டுப்பந்து, காலையில் துள்ளுவதும் மாலையில் முள் பிடுங்குவதுமாக இருந்தது. உடம்பில் ஒட்டைவிட ஒட்டுக்கு மேல் போட்ட ஒட்டுகள் அதிகம். அதனிடம் மிச்சமிருந்தது ஒரே ஆசைதான். பொன்வரியின் குற்றம் ருசுவானால் அது மேல் மைதானத்திலிருந்து இறங்கும். அந்த இடத்துக்கு முதல் உரிமை ஒட்டுப்பந்துக்கு. விசிலே அப்படிச் சொல்லியிருந்தது.

ஒரு நாள் அந்த விசிலே உப்பளத்தைத் தேடி வந்தது. குரல் தேய்ந்திருந்தது. ஊதினால் பாம்பு சீறுகிற மாதிரி ஒரு சத்தம்தான் வந்தது.

“என்னய்யா ஆச்சு?” என்றது ஒட்டுப்பந்து.

விசில் தன் கஷ்டத்தைச் சொல்லிற்று. எட்டுக் குடைகளும் ஆளுக்கு ஒரு நாள் பேசுகின்றன. பதில் சொல்லிச் சொல்லியே தன் மூச்சு தீர்ந்துவிட்டது. விசில் ஊத மூச்சு கொடுப்பது பந்துகள்தான். அதில் இதுவரை அதிகம் கொடுத்து வந்தது பொன்வரி. அதன் மேல் வழக்கு நடத்த அதனிடமே மூச்சு வாங்குவது முறையல்ல. மற்றப் பந்துகளைக் கேட்டால் நழுவுகின்றன. நமக்கும் ஒரு டயர்க்கடை முதலாளி வரமாட்டாரா என்று அவை ஒவ்வொன்றும் வாசலையே பார்த்துக்கொண்டிருக்கின்றன.

“வழக்கு நின்னுடும் போல இருக்கு,” என்றது விசில். “நின்னா அவங்க மேலேயே இருப்பாங்க, நீ இங்கேயே கிடப்பே. நீதான் பாதிக்கப்பட்டவன். நாலு மூச்சு கொடு.”

ஒட்டுப்பந்து தன் உடம்பை ஒரு தடவை அமுக்கிப் பார்த்தது. கொடுத்தால் தோல்தான் மிஞ்சும். கொடுக்காவிட்டால் முள் மிஞ்சும்.

“கொடுக்கிறேன், ஐயா. ஆனா என்கிட்ட இல்ல. சைக்கிள் கடையில கடன் வாங்கித்தான் கொடுக்கணும். வாங்கலாமா?”

“தாராளமா வாங்கு. நியாயத்துக்குத்தானே கொடுக்கிறே,” என்றது விசில். பிறகு இருந்த கடைசி மூச்சில் சொல்லிற்று. “அதுக்கான தண்டனையை மட்டும் இப்பவே ஊதிட்டுப் போயிடறேன். உன் வழக்குன்னா சீக்கிரம் முடிஞ்சுடும்.”