முந்நூறு யானைகளின் லத்தி

பீரங்கி என்ற சொல்லே பிறக்காத காலத்துக் கதை இது, கேளுங்கள். அப்போது யானைகளின் எண்ணிக்கைதான் அரசனின் உயரம்.

வெண்குன்றத்து அரசன் வேகமாக வளர்ந்துகொண்டிருந்தான். போன வருஷம் வரை அவன் பெயரைச் சொன்னால் "யாரு?" என்று கேட்டவர்கள், இப்போது குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள்.

அவனுக்குத் தெற்கே மூன்று சின்ன நாடுகள்: மலைநாடு, கரைநாடு, வயல்நாடு. உள்ளே வர ஒரே ஒரு கணவாய். மூவரும் சேர்ந்து அதைக் காப்பதாக ஒப்பந்தம். கணவாயின் வாசலிலேயே கிடந்தது வயல்நாடு. யார் கைவிட்டாலும் முதலில் மிதிபடுவது அதுதான்.

ஒருநாள் வெண்குன்றத்தான் தன் படை அணிவகுப்பைப் பார்க்க மூன்று நாட்டுத் தூதர்களையும் அழைத்தான். வயல்நாட்டுத் தலைவர், யானைக் கொட்டிலில் லத்தி அள்ளும் செம்பாயியை அனுப்பினார். யானையைப் பற்றி அவளைவிட யாருக்குத் தெரியும்?

யானைகள் ஒரு குன்றின் இடப்பக்கம் வந்தன, வலப்பக்கம் மறைந்தன. வந்தன, மறைந்தன. வந்தன, மறைந்தன. "முந்நூறு" என்று அறிவித்தான் கட்டியக்காரன்.

மலைநாட்டுத் தூதர் மாறனாருக்கு வியர்த்துக் கொட்டியது. "கணவாய்க் காவலை விட்டுவிடலாம் என்று எங்கள் தலைவரிடம் சொல்லப்போகிறேன்" என்றார்.

"நானுந்தான். வயல்நாடு பாவம், என்ன செய்ய?" என்றார் கரைநாட்டு நீலனார், செம்பாயி பக்கத்தில் நிற்பதை மறந்து.

செம்பாயியின் காதில் அது விழுந்தது. அவள் வீடு கணவாய் வாசலில்தான். ஆனால் அவள் யானைகளைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தாள். முந்நூறு யானை நடந்த பாதை இவ்வளவு சுத்தமாகவா இருக்கும்?

விருந்தில் அரசன், "ஆளுக்கொரு பரிசு கேளுங்கள்" என்றான். மாறனார் பட்டு கேட்டார். நீலனார் முத்து கேட்டார்.

"மகாராசா, எங்க வயலு மெலிஞ்சு கெடக்கு" என்றாள் செம்பாயி. "ஒங்க யானைங்க ஒருநாளு போடுற லத்தியக் குடுங்க. பத்து யானைக்கு ஒரு வண்டி. முப்பது வண்டி போதும்."

சபையே சிரித்தது. அரசனும் சிரித்து, "கொடுத்தேன்" என்றான். மந்திரி மட்டும் இருமினார்.

மறுநாள் மாலை வந்தவை மூன்று வண்டிகள். செம்பாயி மூன்றாவது வண்டிக்குள் கையை விட்டுக் கிளறினாள். "இது எருமை" என்றாள்.

"யானைகளுக்கு வயிறு சரியில்லை" என்றார் மந்திரி.

"அடப் பாவமே. முந்நூறுக்குமாங்க?"

இருபதே யானைகள் குன்றைச் சுற்றிச் சுற்றி வந்த கதை தூதர்களுக்கு அப்போதுதான் விளங்கியது.

திரும்பும் வழியில் மாறனாருக்கு மீசை நிமிர்ந்தது. "வெறும் இருபதா? இதற்குக் கூட்டுக் காவல் எதற்கு? அவரவர் வீட்டை அவரவர் பார்த்துக்கொள்ளலாம்."

செம்பாயி நின்றுவிட்டாள். "ஐயா, ஒங்க நாட்டுல எத்தன யானை?"

"எட்டு."

"கரைநாட்டுல?"

"ஏழு" என்றார் நீலனார்.

"எங்ககிட்ட ஒம்பது. இருபது யானை வந்து முட்டினா, எட்டு என்னாகும், ஏழு என்னாகும், ஒம்பது என்னாகும்?"

மாறனார் மீசையைத் தடவினார். நீலனார் விரல் மடித்து மூன்றையும் கூட்டிப் பார்த்தார்.

அறுவடை முடிந்ததும் வெண்குன்றத்தான் படையோடு வந்தான். கணவாயில் இருபத்துநான்கு யானைகள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. மான் வேட்டைக்கு வந்ததாகச் சொல்லிவிட்டுத் திரும்பிப் போனான்.

ஆகவே, வளர்ந்துவரும் பகைவனைக் கண்டு ஓடவும் வேண்டாம், ஏளனம் செய்யவும் வேண்டாம், அவன் பலத்தைச் சரியாக அளந்து துணைவரோடு சேர்ந்து நில்லுங்கள்.