அட்டையில் நின்ற வீரன்

என் தலையில் அடித்துச் சத்தியம் செய்கிறேன், இதில் ஓர் எழுத்துகூடப் பொய் கிடையாது. பொய்யென்றால் என் மீசை இந்த நிமிஷமே உதிரட்டும். பாருங்கள், உதிரவில்லை.

சிவகாசியில் சண்முகக்கனி அக்கா என்று ஓர் அட்டைப்பட ஓவியர். அவரிடம் தொழில் கற்க வந்தவன் தவசி. வயதில் அவருக்கு இரண்டு மூன்று ஆண்டுதான் இளையவன்.

அப்போது அவர்களிடம் ஒரு புது வேலை வந்திருந்தது. நாலு பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, பகடை உருட்டி, ஆளுக்கொரு வேடம் கட்டிக்கொண்டு, இல்லாத நாட்டுக்குள் போய்வருகிற விளையாட்டு உண்டல்லவா? அந்த நாட்டைப் பற்றிய புத்தகத்துக்கு அட்டை. அடுத்தடுத்து வரும் புத்தகங்களுக்கும் இதே சாயல்தான். இது தேறினால் அத்தனையும் தவசிக்கு. தேறாவிட்டால் வேறு ஆளுக்கு.

தவசி எதையும் விட்டுவைக்கவில்லை. பனிமலை, கோட்டைக் கதவு, கதவுக்குப் பின்னால் பூதம், கதவை மறித்தபடி வாளோடு ஒரு வீரன். வீரனுக்குக் கண்ணாடியில் தன் முகத்தையே பார்த்து வரைந்தான். தொந்தியை மட்டும் விட்டுவிட்டான்.

படம் திரும்பி வந்தது. "பிரமாதம். ஆனா மாதிரிக்கு ஒண்ணு கடையில வச்சுப் பார்த்தோம், கையில எடுத்தவங்க அப்படியே கீழ வச்சிட்டுப் போறாங்க" என்றார் பதிப்பாளர். நாளைக் காலையில் அச்சு.

"என்னக்கா குறை இதுல?"

"பசிக்குது. மொதல்ல சாப்பிடுவோம்" என்றார் சண்முகக்கனி.

பரோட்டாவும் சால்னாவும் வந்தன. அறையில் இரண்டே ஸ்டூல். தவசி உட்காரப் போனான். சண்முகக்கனி படத்தை விரலால் தட்டினார்.

"தம்பி, நீயும் வாய்யா."

கவசம் கலகலக்க வீரன் இறங்கி வந்தான். செருப்பிலிருந்த பனி சிவகாசி வெயிலில் உருகித் தரையெல்லாம் ஈரம். நேரே வந்து தவசியின் ஸ்டூலில் உட்கார்ந்து, தவசியின் பரோட்டாவைப் பிய்த்தான்.

"யோவ், அது என் இடம்!"

"உனக்கு முன்னாடியே வந்தவன் நான்" என்றான் வீரன், தவசியின் முகத்தோடு. "கோட்டையா? நான் திறக்கிறேன். பூதமா? நான் வெட்டுறேன். நீ அப்படி ஓரமா நின்னு வேடிக்கை பாரு."

தவசி நின்றான். சால்னாவும் தீர்ந்துபோயிற்று.

"அக்கா, அப்ப எனக்கு இங்க என்ன வேலை?"

"கடையில கையில எடுத்தவனும் அதத்தான் கேட்டிருப்பான்."

தவசி படத்தைத் திரும்பிப் பார்த்தான். கதவு இப்போது பாதி திறந்து கிடந்தது. வாசல் பனியில் ஒரு ஜோடி கால்தடம். அதன்மேல் நிற்க ஆளில்லை. பதறிப்போய் பிரஷ்ஷை எடுத்தான்.

"இந்த எடத்துல யார வரையட்டும்?"

சண்முகக்கனி கை கழுவப் போனார்.

"ஆள் வரும். நீ கதவச் சாத்திராத."

தவசி பிரஷ்ஷைக் கீழே வைத்தான். படம் அப்படியே அச்சுக்குப் போயிற்று; அடுத்த புத்தகங்களும் தவசிக்கே வந்தன.

வீரன் மட்டும் திரும்பிப் போகவில்லை. எங்கள் தெரு டீக்கடையில்தான் உட்கார்ந்திருக்கிறான். வாள் இன்னும் அவன் கையில் இருக்கிறது. ஆகவே இதைச் சொன்னது யாரென்று யார் கேட்டாலும் மூச்சு விடாதீர்கள்.