பெரியவர் குரல்

திண்டுக்கல் பூட்டுக்கடை முதலாளி ரத்தினவேலு அதட்டினால் பூட்டே திறந்துகொள்ளும். கடைக்கு இணையதளம் செய்ய வந்த பொற்கொடியையும் அதட்டினார்.

"செத்துப்போன எங்கப்பா பதிவு பண்ணி வச்ச குரல் அதுல பேசணும். ஒரு மூச்சுகூடக் குறையக் கூடாது. தொட்டதும் கேக்கணும்."

"முழுப் பதிவு கனம் முதலாளி, திறக்க நேரமாகும். சுருக்கி எம்பி3 ஆக்கினா சட்டுனு வரும், மெல்லிய சத்தம் போயிடும்."

"எனக்கே பாடமா? ரெண்டும் வேணும்!"

ஹெட்போனில் முன்பே கேட்டிருந்த பொற்கொடி, முழுப் பதிவையும் எல்லோர் முன்னாலும் ஸ்பீக்கரில் போட்டாள்.

"நம்ம பூட்டைச் சாவி இல்லாம எவனாலும் திறக்க முடியாது," என்றார் பெரியவர். கொஞ்சம் அமைதி. அப்புறம் உள்ளிருந்து கதவைத் தட்டும் ஓசை, மிக மெல்லிசாக. "ரத்தினம், திறடா. மூச்சு முட்டுது."

கடை ஆட்கள் எல்லோரும் முதலாளியைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"இதுல ஒரு மூச்சும் குறைய வேண்டாம்தானே முதலாளி?" என்றாள் பணிவாக.

"எம்பி3யே போதும்மா," என்று குழறினார். அவள் ஸ்பீக்கர் ஒயரைப் பிடுங்கினாள்.

"போதாதுடா," என்றது ஸ்பீக்கர்.